குழித்துறை ஆற்றுப் பள்ளத்தாக்கில் பழைய வீடு வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

கோதையாறும் பறளியாறும் திருவட்டாறு அருகே மூவாற்றுமுகத்தில் ஒன்றாகி, குழித்துறைத் தாமிரபரணி என்ற பெயரோடு தேங்காய்ப்பட்டணத்தில் கடலைச் சேர்கின்றன. இந்த ஆற்றின் இரு கரைகளிலும், திற்பரப்பு, அருமனை, திக்குறிச்சி, முஞ்சிறை, பைங்குளம் என்று நீளும் ஊர்களில், அறையும் நிரையுமாக (மரப்பலகைச் சுவராக) தேக்கிலும் அயனியிலும் (காட்டுப் பலாவிலும்) இழைத்த, நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு கட்டுகள் கொண்ட நாலுகெட்டு வீடுகள் இன்னும் நிற்கின்றன. பிள்ளைகள் வளைகுடாவிலும் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் குடியேறிவிட்டதால், விளக்கேற்ற ஆளில்லாமல் இவை ஒன்றன்பின் ஒன்றாக விற்பனைக்கு வருகின்றன. வாங்க வருபவர்களில் பெரும்பாலோர் மரத்துக்காக வருகிறார்கள். கூரையைத் தாங்கும் கழுக்கோலையும் கதவையும் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டு, மிச்சத்தை மனையாக விற்றுவிடுவார்கள். தொல்லியல் சட்டங்கள் அறிவிக்கப்பட்ட சின்னங்களைத்தான் காக்கின்றன. தனியார் வீடுகளில் மிகப் பெரும்பாலானவை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஒரு வீடு முழுதாக நிற்பதும் துண்டாகிப் போவதும் வாங்குபவரின் மனத்தைப் பொறுத்தது. வீட்டை வீடாகவே வைத்து வாழ நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது, மரத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் பத்திரத்தைப் படியுங்கள் என்பதுதான். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் அன்றுதான் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. வீடு தமிழகத்தில் நிற்கிறது என்றாலும் அதன் ஆவணம் திருவிதாங்கூரில் பிறந்தது. வாரிசுகளோ எல்லைக்கு இருபுறமும் பரவியிருக்கிறார்கள். இந்த ஒரு காரணத்தால், மதுரையிலோ கோவையிலோ வீடு வாங்கிய அனுபவம் இங்கே பாதி தூரம்கூடக் கைகொடுக்காது.

முன்பிரமாணங்களைப் படிப்பது எப்படி

விற்பவர் கையில் இருக்கும் கடைசிப் பத்திரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், அதற்கு முந்தைய பத்திரங்களான முன்பிரமாணங்கள் அனைத்தையும் கேளுங்கள். 1956-க்கு முந்தையவை பெரும்பாலும் மலையாளத்தில், கேரளத்தின் கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால், ஆவணி முதல் டிசம்பர் வரையுள்ள தேதிக்கு 824-ம், ஜனவரி முதல் ஆடி வரையுள்ள தேதிக்கு 825-ம் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1092 என்று எழுதியிருந்தால் அது 1916-17. பழைய கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த, விற்பவரோடும் தரகரோடும் தொடர்பில்லாத ஒருவரை அமர்த்தி, ஒவ்வொரு பத்திரத்தையும் வரிக்கு வரி தமிழில் எழுதி வாங்குங்கள். சாராம்சம் மட்டும் சொன்னால் போதாது. நான்கெல்லை, வழி, கிணறு, மரம் பற்றிய வரிகள்தான் பின்னால் வழக்காகின்றன.

இணையத்தில் கிடைக்கும் வில்லங்கச் சான்று பொதுவாக 1975-லிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, பழைய பதிவேடுகளைப் பார்த்துக் கையால் எழுதிய சான்று பெற வேண்டும். நாள்கள் ஆகும், ஆனாலும் இந்தப் பகுதியில் இதைத் தவிர்க்கவே கூடாது. பத்திரத்தில் பழைய சர்வே எண்ணும் தண்டப்பேர் (திருவிதாங்கூர் வரிக் கணக்கு) எண்ணும் இருக்கும். பட்டாவில் ரீசர்வே எண் இருக்கும். இரண்டும் ஒரே நிலத்தைத்தான் குறிக்கின்றன என்பதற்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்பீட்டு விவரம் வாங்கி, புலப்படத்தோடு வைத்து நில அளவரைக் கொண்டு அளந்து பாருங்கள். பத்திரத்தில் சென்ட்டும் பட்டாவில் ஏர்ஸும் இருப்பதால் கணக்கில் குழப்பம் வரும். ஓர் ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட்.

‘ஒற்றி’ (கடனுக்கு ஈடாகச் சொத்தை அனுபவிக்கக் கொடுப்பது) என்ற சொல் எங்கே வந்தாலும் நின்று படியுங்கள். தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் வாழ்ந்த வீடாக இருக்கும். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு உள்ளது ஒற்றி உரிமை மட்டுமாக இருக்கலாம், விற்கும் உரிமை வேறொரு குடும்பத்திடம் இருக்கலாம். அனுபவ ஒற்றியில் பணம் கட்டி மீட்கும் உரிமை, வெறும் ஆண்டுக் கணக்கால் அழிந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்திருக்கிறது. ஒற்றி மீட்டதற்கோ, ஒற்றிக்காரரே பின்னர் கிரயம் பெற்றதற்கோ பதிவான ஆவணம் இல்லையென்றால், அந்த வீட்டுக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது.

யார் யார் கையெழுத்திட வேண்டும்

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான பகுதி. இந்த வேலையை வழக்கறிஞரிடம் விட்டுவிட்டு ஒதுங்காமல், குடும்ப மரத்தை நீங்களே ஒரு தாளில் வரைந்து, ஒவ்வொரு பெயருக்கும் கீழே இறந்த தேதி, எங்கே இருக்கிறார், வயது என்ன என்று நிரப்பிப் பாருங்கள். நிரம்பாத கட்டம் எதுவோ அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

நாயர் தரவாட்டு (கூட்டுக் குடும்ப) வீடுகளில் மருமக்கத்தாயம் நடந்தது. பங்கு தாய்வழியில் இறங்கும். குடும்பத்தின் மூத்த ஆணான காரணவர் நிர்வகிப்பவரே தவிர, தனி உரிமையாளர் அல்லர். 1925-ன் நாயர் சட்டம் பங்கு பிரிக்க வழி திறந்தது. அடுத்த ஆண்டு நாஞ்சில் நாட்டு வேளாளருக்கும் தனிச் சட்டம் வந்தது. 1956 ஜூன் 17-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆக, ஒருவர் எந்த ஆண்டில் இறந்தார் என்பதைப் பொறுத்து அவருடைய பங்கு யாருக்குப் போனது என்பது மாறும். பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. கேரளம் 1975-ல் சட்டம் இயற்றித் தரவாட்டுக் கூட்டுச் சொத்தை ஒழித்தது. அந்தச் சட்டம் எல்லைக்கு அப்பால் உள்ள பாறசாலைக்குப் பொருந்தும், இப்பால் உள்ள விளவங்கோட்டுக்குப் பொருந்தாது. திருவனந்தபுரத்தில் இருக்கும் வாரிசு, தம் ஊர் வழக்கறிஞர் சொன்ன கணக்கைக் கொண்டுவந்து தமக்கு இத்தனை பங்கு என்று சொன்னால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் குழித்துறை, பத்மநாபபுரம் நீதிமன்றங்களில் இத்தகைய வழக்கு நடத்திய ஒருவரிடம் காட்டுங்கள். காரணவர் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு விற்ற பழைய பிரமாணம் சங்கிலியில் இருந்தால், குடும்பத் தேவைக்காக, வயது வந்த உறுப்பினர்களின் இசைவோடு விற்றாரா என்று பார்க்க வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பங்களின் வீடுகளில் கேட்க வேண்டிய கேள்வி, சகோதரிகள் எங்கே என்பது. 1916-ன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகளுக்கு மகனின் பங்கில் கால்பகுதி அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதையே கொடுத்தது. அதுவும் சீதனம் பெற்றிருந்தால் தீர்ந்தது. அந்தச் சட்டம் 1951-லேயே நீங்கிவிட்டது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1970-களில், கன்னியாகுமரி மாவட்ட வழக்கொன்றிலேயே கூறியது. மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-ல் அதையே உறுதிப்படுத்தியது. 1951 ஏப்ரல் 1-க்குப் பின், உயில் எழுதாமல் தந்தை இறந்திருந்தால் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. ‘தங்கச்சிக்கு அப்பவே நகை போட்டுக் கொடுத்தாச்சு, அவ ஒண்ணும் கேக்க மாட்டா’ என்று அண்ணன்மார் சொல்வதை உண்மையான பாசத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அவருடைய கையெழுத்தோ, பதிவான விடுதலைப் பத்திரமோ இல்லாமல் வாங்கினால், அவருடைய பேரப்பிள்ளைகள் நாளை உங்கள் வாசலில் நிற்பார்கள். அந்தப் பெண்ணுக்கு அது நியாயமும் அன்று. என்னைக் கேட்டால், விடுதலைப் பத்திரத்தைவிட, கிரயப் பத்திரத்திலேயே அவரையும் விற்பவராகச் சேர்த்து, அவருடைய பங்குத் தொகையை அவர் வங்கிக் கணக்கிலேயே செலுத்துவதுதான் சரி.

வீட்டையே துண்டு போட்ட பாகப் பத்திரங்களும் இங்கே உண்டு. படிஞ்ஞாற்றினி (மேற்குக் கட்டு) மூத்தவருக்கு, வடக்கினியும் (வடக்குக் கட்டும்) அடுக்களையும் சகோதரிக்கு, கிழக்கே பூமுகமும் (முன்கூடமும்) படிப்புரையும் (வாயில் கட்டடமும்) இளையவருக்கு, கிணற்றில் எல்லாருக்கும் தண்ணீர் கோரும் உரிமை, தெக்கதுக்கு (குடும்பக் கோயிலுக்கு) விளக்கு வைக்கப் போக வர மூன்றடி வழி என்று எழுதியிருக்கும். ஒரே கூரைக்குக் கீழே மூன்று உரிமையாளர்கள். இதில் இரண்டு பேர் இசைந்து ஒருவர் மறுத்தால், வாங்கிய பகுதியின் கூரையை மாற்ற முடியாது. முழு வீடும் கிடைக்காத இடத்தில் கை வைக்காதீர்கள். தெக்கதும் நாகர் காவும் (நாகரை வழிபடும் தோப்பும்) இருந்தால், குடும்பத்தார் ஆண்டுக்கு எப்போது, எந்த வழியாக வந்து வழிபடுவார்கள் என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது இரு தரப்புக்கும் மரியாதை. அதை மறுத்து வாங்குவது சட்டப்படி முடிந்தாலும் ஊரில் நிலைக்காது.

வாரிசுச் சான்று தமிழகத்தில் வட்டாட்சியர் தருவார். கேரளத்தில் இறந்தவருக்கு அங்கேதான் வாங்க வேண்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படும். உடன்படிக்கைக்கு முன் வெளியிடும் பொது அறிவிப்பை ஒரு தமிழ் நாளிதழிலும் திருவனந்தபுரம் பதிப்பு உள்ள ஒரு மலையாள நாளிதழிலும் கொடுங்கள். எல்லைக்கு அப்பால் இருக்கும் வாரிசு தமிழ்ப் பத்திரிகை பார்க்க மாட்டார்.

நிலத்தின் வகை

ஸ்ரீபண்டாரவகை (பத்மநாபசுவாமி கோயிலுக்குரிய) நிலங்கள் 1964-ன் சட்டத்தால் ரயத்துவாரியாக (அரசுக்கு நேரே வரி கட்டும் நிலமாக) மாறின; அந்த வகை நிலமாக இருந்தால் பட்டா யார் பெயரில் வழங்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். தேவசம் (கோயில்) நிலமாக இருந்தால் அறநிலையத் துறையிடம் எழுத்து மூலம் கேளுங்கள். புரையிடத்தின் (வீட்டு வளாகத்தின்) மூலையில் ஒரு தொழிலாளர் குடும்பம் நெடுங்காலமாக வாழ்ந்து வந்தால், 1971-ன் குடியிருப்புச் சட்டப்படி அந்த இடம் அவர்களுடையதாகவே இருக்கலாம். ‘அவங்களைக் காலி செஞ்சு தர்றேன்’ என்று விற்பவர் சொல்வதை ஒப்புக்கொள்ளாமல், அவர்களுக்கு உரிய இடத்தைக் கழித்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

ஆற்றின் மேற்பகுதியில், மலையடிவார ஊர்களில், 1949-ன் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட சர்வே எண்கள் பல உள்ளன. மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் அவற்றை விற்க முடியாது. மலைத்தளப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வரும் கிராமங்களில் கட்டுமானத்துக்கும் தனி அனுமதி வேண்டும். சிதறால் மலை போன்ற மத்திய அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றே கட்டலாம். தேங்காய்ப்பட்டணப் பொழிமுகத்தை ஒட்டிய பகுதியில் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் ஆற்றங்கரைக்கும் நீளும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர் வீடும் மனையும் வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை வாங்க முடியாது, வாரிசாக அடைய மட்டுமே முடியும். இந்தப் பள்ளத்தாக்கில் பழைய வீடு பெரும்பாலும் ரப்பர் விளைக்கு நடுவில் இருக்கிறது, கீழே ஏலாவில் வயலும் சேர்ந்து வருகிறது. வீடு நிற்கும் புரையிடம் தனி உட்பிரிவாக, குடியிருப்பு வகையாக உள்ளதா என்று பார்த்த பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும்.

எல்லையை ஒட்டிய களியக்காவிளை, பனச்சமூடு, கொல்லங்கோடு பக்கங்களில் வீடு தமிழகத்திலும் தோட்டத்தின் ஒரு மூலை கேரளத்திலும் இருப்பது உண்டு. அத்தகைய சொத்துக்கு இரண்டு மாநிலத்திலும் தனித்தனிப் பத்திரம், தனித்தனி வரி ரசீது என்று வைத்துக்கொள்வதே தெளிவு. கேரளப் பக்கம் இருப்பது வீட்டுக்கு வரும் ஒரே வழியாக இருந்துவிட்டால், அதை முதலில் பதிவு செய்யுங்கள்.

ஆறும் மழையும்

இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழையும் உண்டு. 48 அடி கொள்ளும் பேச்சிப்பாறையும் 77 அடி கொள்ளும் பெருஞ்சாணியும் நிரம்பி உபரி திறந்தால், தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் இறங்க வேண்டும். 2021 நவம்பரில் ஆற்றோரத் தாழ்வான ஊர்கள் நீரில் மூழ்கின. அந்த வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று விற்பவரிடம் கேட்காமல், எதிர்வீட்டாரிடமும் கடைக்காரரிடமும் கேளுங்கள். பத்தாயத்தின் அடிப்பலகையிலும் கதவுகளின் கீழ்ப்பகுதியிலும் நீர்க்கோடு தெரியும். புதிதாக வர்ணம் பூசியிருந்தால் கதவின் பின்புறத்தைப் பாருங்கள். பழையவர்கள் பெரும்பாலும் மேட்டில்தான் வீடு வைத்தார்கள், ஆனால் அதன் பிறகு போட்ட சாலையும் வாய்க்கால் கரையும் தண்ணீரின் போக்கை மாற்றியிருக்கலாம். கரை இடிந்து ஆறு அரித்திருந்தால், பத்திரத்தில் உள்ள நிலத்தில் ஒரு பகுதி இப்போது ஆற்றுக்குள் இருக்கும். கரையில் வேலி போட்டிருக்கும் இடம் ஆற்றுப் புறம்போக்காகவும் இருக்கும். அளந்தால்தான் தெரியும்.

மரமும் சுவரும்

நல்ல மழை பெய்யும் நாளில், பழைய வேலை தெரிந்த ஓர் ஆசாரியோடு போங்கள். மோட்டு உத்தரம் வளையாமல் நேராக இருக்கிறதா என்று முதலில் வெளியே நின்று பார்ப்பார். பிறகு கழுக்கோல்களின் இறவாணத்து (கூரை விளிம்பு) முனைகளையும், உத்தரம் சுவருக்குள் புதையும் இடத்தையும் மெல்லிய உளியால் குத்திப் பார்ப்பார். அயனியும் தேக்கும் நன்றாக இருந்தால் உளி நுழையாது, மணி போல ஓசை வரும். சிதல் (கறையான்) ஏறியிருந்தால் மேலே மெருகு கெடாமலேயே உள்ளே மண் பாதை ஓடியிருக்கும். முனை மட்டும் கெட்டிருந்தால் வெட்டி ஒட்டுப் போடலாம். மோட்டு உத்தரமோ நாலு மூலைக் கழுக்கோல்களோ கெட்டிருந்தால் கூரை முழுவதையும் இறக்க வேண்டிவரும். விலையை அதற்கேற்பப் பேசுங்கள்.

நடுமுற்றத்து ஓவு (நீர் வடியும் வழி) அடைபட்டிருந்தால் நிரைகளின் அடிப்பலகை நனைந்து உளுத்திருக்கும். நடுமுற்றத்தைக் கான்கிரீட் போட்டு மூடியிருந்தால் வீட்டுக்குள் காற்றோட்டம் நின்று, மரம் எல்லாம் ஈரம் கோத்திருக்கும். அந்தத் தளத்தை எடுப்பதுதான் முதல் வேலையாக இருக்கும். வெட்டுக்கல் சுவரில் சுண்ணாம்புப் பூச்சை உரித்துவிட்டு சிமெண்ட் பூசியிருந்தாலும் அதே கதைதான்: ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லுக்குள் தங்கி, சுவர் உள்ளிருந்து பொரியும்.

கிலுக்குப் பூட்டு, தொட்டில், பத்தாயம், ஊஞ்சல், நிலவிளக்கு எல்லாம் பேச்சு முடிந்தபின் காணாமல் போகும். உடன்படிக்கையோடு பட்டியலும் புகைப்படமும் இணையுங்கள். பரணில் ஓலைச்சுவடியோ பூஜையறையில் பழைய விக்கிரகமோ இருந்தால், 1972-ன் தொல்பொருள் சட்டம் நினைவில் இருக்கட்டும். 100 ஆண்டைக் கடந்த சிற்பத்துக்கும் 75 ஆண்டைக் கடந்த சுவடிக்கும் அது பொருந்தும். சிற்பங்களைத் தொல்லியல் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். எதையும் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது.

விலையும் பதிவும்

விற்பவர் நிலத்துக்கு ஒரு விலை, மரத்துக்கு ஒரு விலை என்று பிரித்துச் சொல்வார். மர வியாபாரி கொடுக்கும் தொகையைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருந்தால்தான் வீடு முழுதாகக் கிடைக்கும். இதில் தயங்க வேண்டாம். உடன்படிக்கையைப் பதிவு செய்து, எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வாங்கி, கிரயம் வரை வீட்டிலிருந்து ஒரு பலகைகூட அகற்றக் கூடாது என்ற விதியைச் சேருங்கள்.

முத்திரைத் தீர்வையும் மாற்று வரியுமாக 7 விழுக்காடு, 2023-ல் குறைக்கப்பட்ட பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 9 விழுக்காடு செலவாகும். 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை உண்டு. கட்டடத்தைக் காட்டாமல் வெறும் நிலமாகப் பதிந்தால் செலவு குறையும் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். வாங்கியது வீடு என்பதற்கே சான்று இல்லாமல் போகும். விற்பவர்களில் ஒருவர் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால், தொகை எவ்வளவானாலும் அவருடைய பங்கில் வருமான வரி பிடித்துச் செலுத்துவது வாங்குபவரின் பொறுப்பு. வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரம் இந்தியத் தூதரகத்தில் சான்றளிக்கப்பட்டு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதைப் பதிவு நாளன்றே காணொளியில் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

பதிவு முடிந்ததும் கூட்டுப் பட்டாவிலிருந்து உங்கள் பெயருக்குத் தனிப் பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு மூன்றையும் உடனே மாற்றுங்கள். ஆனால் பழுதுபார்ப்பை உடனே தொடங்க வேண்டாம். ஒழுகும் ஓடுகளை மட்டும் மாற்றிவிட்டு, இரண்டு பருவமழையும் கடக்கும் வரை வீட்டைத் திறந்து, பெருக்கி, புகை போட்டு வைத்திருங்கள்; எந்தச் சுவர் நனைகிறது, எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும். அந்த இடைவெளியில், அக்கம்பக்கத்தில் இடிபடும் வீடுகளிலிருந்து அதே அளவு ஓட்டையும் அயனிக் கழுக்கோலையும் ரசீதோடு வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டி மரம் கொண்டுவருவதானால் வனத்துறையின் அனுமதிச் சீட்டு தேவையா என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு லாரியை அனுப்புங்கள்.